ரெட்டைக் காசு

— இது யார்ரா இது? எங்க பொன்னியம்மாவ இன்னாடா பண்ணி வெச்சிக்கீற?

— நான் ஒண்ணும் பண்ணலை அனு. கலங்கின மூஞ்சியைத் தெளிவாக்குன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொன்னேன். அது தனக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணை எடுத்து ஒட்டிடுச்சு.

— சோப்பு வெளம்பரத்துல வர்ற பொண்ணு மாரி கீது. பல்லு வேற காட்டுது. எங்க ஆயாவோட ஆயாடா ஜெர்வினு அது! வெள்ளானூர்ல நாத்து நட்டவங்க. அவங்களுக்கு இன்னாத்துக்குடா இத்தினி லிப்ஸ்டிக்கு?

— கத்தாதே, வெளிய பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் உக்காந்திருக்கு. இதோ அழிச்சிட்டேன், பாரு. போயிடுச்சு. நீ முதல்ல உக்காரு.

— ஒக்கார நேரம் கீதா எனக்கு? ஞாயித்துக்கெயமை மாங்காட்டுல தாலி கட்டு. இன்னிக்கி வெள்ளி. நாளைக்கி காலைல நாலடிக்கு அஞ்சடி படம் மண்டபத்து வாசல்ல நிக்கணும். எம் பொண்ணு பொன்னியம்மாவ கும்ட்டுட்டு தான் உள்ள கால் வெக்கணும். அது எங்க ஊட்டு மொற.

— தெரியும். பத்தாங்கிளாஸ்ல இருந்து இந்தக் கதையைக் கேட்டுட்டுதான் இருக்கேன்.

— அப்பறம் இன்னா? சுத்தி நிக்கிறவங்க அத்தினி பேரும் ஜம்முனு வியுந்துகீறாங்க. நடுவுல நாக்காலில ஒக்காந்துகீற பொன்னியம்மா மூஞ்சி மட்டும் கலங்கிக்கீது. கல்யாணப் பொண்ணு, வெக்கத்துல ஆடிட்டாங்கனு எங்கம்மா சொல்லும். அத்த மட்டும் கொஞ்சம் சரி பண்ணி குட்ரானு கேட்டேன். ஈரோயினு வெச்சி குடுனா கேட்டேன்?

— அனு, ஒரு விஷயம். பதறாதே.

— நீ இப்டி சொன்னாதான்டா பதறுது. படத்த கியிச்சிட்டியா?

— கிழிக்கலை. ஸ்கேன் பண்றதுக்காக சட்டத்துல இருந்து வெளிய எடுத்தேன். நூறு வருஷத்துக்கு மேல யாரும் கழட்டலை போல, ஆணியெல்லாம் துரு. கண்ணாடிக்குக் கீழ நடுவுல வெட்டின அட்டை ஒண்ணு இருந்துச்சு. அது நாலு பக்கமும் ஒண்ணரை இஞ்ச் மறைச்சிட்டிருந்துச்சு. நீங்க இவ்வளவு நாளும் பாத்தது நடுப்பகுதி மட்டும்தான். ஓரத்தை உங்க வீட்ல யாருமே பாத்ததில்லை, கேட்டியா.

— ஆவடில பொறந்து வளந்தும் உங்கப்பன் ஊரு 'கேட்டியா'வ உட மாட்டேங்கற. இன்னா கீது ஓரத்துல? பொதையலா?

— அதுக்கு முன்னாடி நீ சொல்லு. இந்தப் படம் எடுத்த கதை. இன்னொரு தடவை.

— இதான் நேரமா? சரி. பூந்தமல்லி கேம்புல டாக்டர் தொர ஒருத்தரு. அவுரு ஊட்டு புள்ளைய பொன்னியம்மா தான் தூக்கி வளத்தாங்க. இவங்களுக்கு கல்யாணம்னு கேட்டதும் தொரையே கேமராகாரன மாட்டு வண்டில ஏத்தி வெள்ளானூருக்கு அனுப்ச்சாரு. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு எல்லாரும் ஓடுனாங்களாம். எங்க பொன்னியம்மா மட்டும் தில்லா மாலைய போட்டுக்கினு ஒக்காந்தாங்க. படம் புடிச்ச மறு வருசம் எங்க ஆயாவோட அம்மா பொறந்தாங்க. போதுமா?

— மாலை அவங்க கழுத்துல மட்டும்தான் இருக்கு. பின்னாடி நிக்கிற மாப்பிள்ளை கழுத்துல இல்லை.

— துலுக்கானம் தாத்தாவா? ஏயை. ஒரு மாலைக்கு தான் வக்கு இருந்துருக்கும். அத்த வுடு. ஏன்டா எல்லாரும் இப்டி மொறச்சிக்கினு கீறாங்க? கல்யாண ஊட்டுல ஒருத்தனாவது சிரிக்க மாட்டான்?

— அப்போ சிரிச்சிட்டே படம் எடுக்க முடியாது. இப்ப மாதிரி கிளிக்னு முடிஞ்சிடாதுல்ல. முதல் முதல்ல ஒருத்தர் ஜன்னல் வழியா ஒரு படம் எடுக்க கேமராவைப் பகல் முழுக்கத் திறந்து வெச்சிருந்தாராம். அப்புறம் நிமிஷக் கணக்கு ஆச்சு. பாரீஸ்ல ஒரு பெரிய தெருவைப் படம் எடுத்தாங்க. வண்டி, குதிரை, ஜனம் எல்லாம் போயிட்டு வந்திட்டிருந்த நேரம். படத்தைப் பாத்தா தெரு காலி.

— ஜனம் எங்க போச்சி?

— நடந்துட்டே இருந்தாங்க, அதனால விழவே இல்லை. ஓரமா நின்னு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்ட ஒருத்தன் மட்டும் விழுந்தான். அவன் அசையலை.

— பாலிஷ் போட்டவன்?

— அவன் கை ஆடிட்டே இருந்திருக்கும்ல? கலங்கலாதான் தெரிவான்.

— அங்கயும் வேல செய்றவன் தான் கலங்கிப் போறான். அப்பறம்?

— அப்புறம் கண்ணாடித் தகட்டுல மருந்து பூசி எடுத்தாங்க. உங்க படம் அந்த வகை. நல்ல வெயில்ல, புதுப் பொட்டியா இருந்தா சட்டுனு முடிஞ்சிருக்கும். உங்க ஊருக்கு வந்தவன் பொட்டி பழசு, பந்தல் நிழல் வேற. கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுப் பாத்துட்டு, லென்ஸ் மூடியைக் கையால கழட்டி, ஒண்ணு, ரெண்டுன்னு ஆறு வரைக்கும் எண்ணித் திரும்ப மூடியிருப்பான். அதுவரைக்கும் எல்லாரும் மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கணும். அசையாதவன் தெளிவா விழுவான், அசைஞ்சவன் கலங்கிடுவான்.

— அதான் மொறப்பா? சரி, பாடம் முடிஞ்சிதா வாத்யாரே? ஓரத்த காட்டு.

— இது வலது ஓரம். இந்தப் பெரியவர் கையைப் பாரு.

— அது இன்னா... சங்கா?

— சங்கு.

— கல்யாணத்துல இன்னாத்துக்குடா சங்கு? எங்க பக்கம் சங்கு ஊதுறது... டேய்.

— இப்போ கீழ் ஓரம். கால்.

— மெட்டி போட்டுக்கீறாங்க.

— மெட்டி இல்லை அனு. பெருசாக்கறேன். ரெண்டு கால் கட்டைவிரலையும் சேத்து...

— வேணாம்.

— துணியைக் கிழிச்சுக் கட்டியிருக்கு.

— வேணாம்னு சொல்றேன்ல! மூட்ரா அத்த!

— மூடிட்டேன். இந்தா, தண்ணி குடி.

— தாவாங்கட்டைலேந்து தலைக்கு சுத்திக்கீதே... அத்த மல்லி சரம்னு தான்டா நெனச்சிகினு கீறோம். எனக்கு அதே மாரி சுத்தி உட்டாங்கடா, எங்கல்யாணத்துல.

— வாய் திறக்காம இருக்கக் கட்டின துணி. மேல பூ வெச்சிருக்காங்க.

— படம் புடிச்ச மறு வருசம் தான்டா புள்ள பொறந்துச்சி! செத்தவங்க எப்டிடா புள்ள பெப்பாங்க?

— கல்யாணப் படம்னு சொன்னதே தப்பாப் போச்சே. மறு வருஷம்னு சொன்னது மட்டும் சரியா இருக்குமா? புள்ளைங்க பெத்து, அதுக்கப்புறம் செத்திருக்கலாம். உயிரோட இருந்த வரைக்கும் அவங்களைப் படம் எடுக்கணும்னு யாருக்கும் தோணலை. போனதுக்கு அப்புறம் துரைக்குத் தோணியிருக்கு. அவ்வளவுதான். மூஞ்சி கலங்கினதும் வெக்கத்துல இல்லை. ஈரம் பட்டிருக்கும்.

— ஜெர்வினு. நெத்தில கீற காசு?

— அதை நான் சொல்லணுமா?

— ஐயோ. ஐயையோ! அது எங்க ஊட்டு ரெட்டக் காசுடா! எங்க ஊட்டு பொண்ணுங்க அத்தினி பேரும் தாலி கட்ட போறதுக்கு முன்னாடி நெத்தில கட்டிக்கறது. பொன்னியம்மா கட்டிகினாங்க, நாமளும் கட்டிக்கணும்னு எங்க ஆயா, எங்கம்மா, நானு...

— அந்தக் காசு இன்னும் இருக்குல்ல?

— கைக்கு வந்தது ஒண்ணு தான். படத்துல ரெண்டு கீது, ஒண்ணு எப்பவோ தொலஞ்சிட்ச்சினு எங்க ஆயா தட்டான்கிட்ட படத்த காட்டி ரெண்டாவது ஒண்ணு செஞ்சிச்சு. ரெண்டையும் சேத்து கட்டி, பொண்ண நாக்காலில ஒக்கார வெச்சி, பொம்பளைங்க அத்தினி பேரும் சுத்தி நின்னுகினு மூணு தபா கூப்புடுவோம். எந்திரிம்மா, எந்திரினு. மொத தபா, ரெண்டாவது தபா ஆடக் கூடாது. மூணாவது தபா தான் எந்திரிக்கணும். எந்திரிச்சி நேரா மணவறைக்கு.

— மூணு தடவை எந்திரின்னு கூப்பிடுவீங்களா?

— எயவு ஊட்டுல தான்டா அப்டி கூப்டுவாங்க! பொணத்துக்கு முன்னாடி மாருல அடிச்சிகினு. எந்திரிம்மா, எங்கள உட்டு எங்க போற, எந்திரினு! இத்தினி வருசமா ஒருத்திக்கும் தோணலியே! வளவி போட்டு, பட்டு கட்டி, பொண்ண பொணமா ஒக்கார வெச்சிக்கீறோம்டா!

— மெதுவா பேசு அனு.

— நானும் ஒக்காந்தேன்டா. இருவது வயசுல. அடக்கமா கண்ண மூடிகினு. நாலு வருசம் கூட ஆவல, அவுரு போய்ட்டாரு.

— உன் வீட்டுக்காரர் போனது லாரியில அடிபட்டு. இதையும் அதையும் முடிச்சுப் போடாதே.

— லாரிக்கு பின்னாடி இன்னா கீதுனு உனுக்கு தெரியுமா? நெத்தில சாவுக் காச கட்டிகினு தாலி வாங்கினா அது எத்தினி நாளு தங்கும்? பயமா கீதுடா.

— இந்த ஓரத்தையெல்லாம் வெட்டிட்டு, பழைய அட்டையையே வெச்சு மூடித் தர்றேன். யாருக்கும் தெரியப் போறதில்லை. நான் சொல்ல மாட்டேன்.

— எனக்கு தெரிஞ்சிட்ச்சே! இரு, இரு. நெத்திக்காச சுடுகாட்டுல வெட்டியான் தான எடுத்துக்குவான்? அது ஊட்டுக்கு வராதே. வந்தா ஊட்டுக்கு ஆவாதுனு தொடக் கூட மாட்டாங்க. எங்ககிட்ட எப்டி வந்துச்சி?

— எனக்கும் அதான் தெரியலை.

— அப்பறம் சாவுக் காசு ஒண்ணு தான் வெப்பாங்க. ரெண்டு வெச்சி எங்கயாவது பாத்துக்கீறியா? இதுல ரெண்டு கீது. பாரு, நல்லா பாரு!

— ரெண்டுதான். ஆனா அந்தக் கால் கட்டைப் பாத்தியா, இல்லையா? அதுக்கு என்ன சொல்லுவ?

— ஐயோ, நிஷா வந்துகினு கீறா. பெரிய படத்துல காச தெளிவா வெக்கணும், கொண்டாரச் சொல்லுனு நீ தான நேத்து சொன்ன? ஸ்கூட்டி சத்தம் கேக்குது. அவகிட்ட வாயத் தொறந்த, கொன்னுடுவேன்.

— அவ கல்யாணம் அனு.

— அதான் சொல்றேன். மூட்ரா வாய!

— யம்மா! எத்தினி தபா போன் பண்றது, எடுக்க மாட்டியா? ஹாய் அங்கிள்.

— நலங்கு வெச்ச பொண்ணு இப்டியா ரோட்டுல ஸ்கூட்டி ஓட்டிகினு வருவ? பரந்தாமன் மாமாவோட வானு சொன்னேன்ல?

— மாமா ஐஸ்கிரீம்காரர்கிட்ட சண்ட போட்டுகினு கீறாரு. இந்தாங்க அங்கிள், ரெட்டக் காசு. மஞ்சத் துணியோட எடுத்தாந்தேன். எங்கம்மா ஏன் அய்துகினு கீது?

— தூசி.

— எங்கப்பா படத்துக்கு மாலை போடறப்ப கூட நீ எங்க முன்னாடி அய்தது இல்ல. இப்ப தூசிக்கு அய்வியா? அங்கிள், இன்னா ஆச்சு? படம் பூட்ச்சா?

— படம் இருக்கும்மா.

— காச குடு நிஷா. நீ இத்த கட்டிக்க வேணாம். நாக்காலிலயும் ஒக்கார வேணாம். கொரட்டூர் ஏரில போட்டுட்டு ஊட்டுக்கு போலாம் வா.

— லூசாம்மா நீ? சின்ன வயசுலேந்து கண்ணாடி முன்னாடி பொட்டு மேல பத்து ரூபா காச ஒட்டிகினு பொன்னியம்மானு வெளாடுன ஆளு நானு. இதுக்காகவே பார்லர்ல வேற நெத்திச்சுட்டி வேணாம்னு சொல்லிக்கீறேன். ஏரில போடுவியா? இன்னானு சொல்லு!

— சொல்ல மாட்டேன்.

— அங்கிள், நீங்க சொல்லுங்க. ஸ்கிரீன ஏன் திருப்பி வெச்சிக்கீறீங்க? திருப்புங்க. நானே திருப்புறேன்.

— ஆண்டவரே. அனு, மன்னிச்சிடு. நிஷா, இது சங்கு. இது கால் கட்டு. இது வாய்க் கட்டு. இது கல்யாணப் படம் இல்லைம்மா.

— நிஷா? ஏய், நிஷா! பாத்தியாடா, பொண்ணு மொகம் வெள்ளையா பூட்ச்சு! நீ ஒக்காரும்மா.

— கெட்ட கனவு மாரி கீது. அங்கிள், ஏசிய கொறைங்க. இவங்க செத்துட்டாங்களா? செத்தவங்க மாரி மேக்கப் போட்டுகினா நாம எல்லாரும்...

— அதான் சொல்றேன், ஏரிக்கு போலாம் வா.

— இரு. ஒரே ஒரு நிமிசம் இரு. எறியறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கறேன். அங்கிள், நெத்திய பெருசாக்குங்க. தொலஞ்சி போன காசு எப்டி இருந்துச்சினு பாக்கணும். நம்மகிட்ட கீற பழசு இதான், ராணி தல போட்டது. ஓரத்துல முக்கோணமா ஒரு வெட்டு கீது, கன்னத்துல ஒரு கீறல். படத்துல இது எது?

— பெரிய தகட்டுல எடுத்ததால நல்லாவே தெரியுது. இடது பக்கத்துக் காசு. வெட்டு இருக்கு, பாரு.

— அப்ப தொலஞ்சது வலது. அத்த காட்டுங்க.

— அதுலயும் வெட்டு இருக்கு.

— எங்க?

— அதே இடத்துல. கொஞ்சம் மங்கலா. கன்னத்துல கீறலும்... இரு. இரு. கர்த்தாவே!

— இன்னாடா, இன்னாடா? இதுக்கு மேல இன்னா கீது?

— இது ரெண்டு காசு இல்லை.

— நல்லா பார்ரா. ரெண்டு தான். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு.

— ஒரே காசு அனு. நிஷா கையில இருக்கே, அதேதான். படத்துல ரெண்டு இடத்துல விழுந்திருக்கு. எதுவும் தொலையலை. உங்க ஆயா செஞ்ச ரெண்டாவது காசுக்கு அசல்னு ஒண்ணு எப்பவுமே இருந்ததில்லை.

— ஒரு காசு எப்டி அங்கிள் ரெண்டு எடத்துல வியும்?

— மூடியைத் திறந்து ஆறு எண்றதுக்குள்ள அது இடம் மாறியிருக்கு.

— வயுக்கி இருக்கும். சந்தனத்துல தான ஒட்டுவாங்க, வயுக்கிட்ச்சி.

— காசு மட்டும் வழுக்கியிருந்தா மூஞ்சி தெளிவா இருக்கணும். மூஞ்சியும் ரெண்டா இருக்கு. பாரு, மூக்கு இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஈரம்னு நினைச்சேனே, முட்டாள். ஈரம் பட்டா பக்கத்துல நிக்கறவரும் கலங்கியிருக்கணும்ல? துலுக்கானம் தாத்தா மீசையை எண்ணலாம். சங்கு வெச்சிருக்கவர் நகம் தெரியுது.

— நீங்க சொல்றது எனக்கு பயமா கீது அங்கிள்.

— எனக்கும்தான்மா. முப்பது வருஷமா படம் பாக்கறேன்.

— டேய், சுத்தி வளைக்காத. தமிழ்ல சொல்லு.

— உயிரோட இருந்தவங்க அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னாங்க அனு. அசைஞ்சது அவங்கதான். உங்க பொன்னியம்மா தலையைத் திருப்பியிருக்காங்க.

— யம்மா. அவங்க சுடுகாட்டுக்கே போவல. அதான் காச வெட்டியான் எடுக்கல. யம்மா, மூணு தபா கூப்டறது...

— மூணாவது தபா எந்திரிச்சிட்டாங்கடி. மறு வருசம் புள்ள பெத்தாங்கடி. காச எடுத்து நெத்தில வெய்யிடி நிஷா, அதுக்கு அப்பறம்தான்டி நாமல்லாம் பொறந்தோம்!